கூட்டுப் பெயரில் இருந்த வீடு என் பெயருக்கு வந்த கதை: ஒரு பத்திர அலுவலகத்தின் சேவை பற்றிய மதிப்புரை

சென்னையின் தெற்குப் புறநகரில் 2016ஆம் ஆண்டு நானும் என் கணவரும் ஆளுக்குப் பாதி என்று வாங்கிய அடுக்ககம், 2025 ஜூன் மாதத்திலிருந்து என் ஒருத்தி பெயரில் இருக்கிறது. அந்த மாற்றத்துக்கான ஆவணத்தை எழுதி, பதிவு முடியும்வரை உடன் நின்ற ஓர் அலுவலகத்தின் சேவையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இரண்டு அறைகளில் இயங்கும் இடம் அது. அறுபதை நெருங்கும் ஒரு வழக்கறிஞர், உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் ஒருவர், தட்டச்சுக்கு இரண்டு பெண்கள், அவ்வளவுதான் ஆட்கள். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கட்டணமாக 18,000 ரூபாய் கொடுத்தேன். அந்தத் தொகையில் எது தகுந்தது, எது தகாதது என்று பிரித்துச் சொன்னால் இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் போனது அங்கே அல்ல. பரஸ்பர சம்மதத்தின் பேரில் மணவிலக்கு கோரி 2025 ஜனவரி இறுதியில் குடும்பநல நீதிமன்றத்தில் மனு கொடுத்த கையோடு, கைப்பேசியில் அடிக்கடி விளம்பரம் காட்டிக்கொண்டிருந்த ஓர் இணையவழிச் சட்டச் சேவை நிறுவனத்துக்கு 2,999 ரூபாய் கட்டினேன். சொத்தின் வகை, முகவரி, யாரிடமிருந்து யாருக்கு, பணம் கைமாறுகிறதா என்று ஒரு படிவத்தில் சில கேள்விகள் இருந்தன. வீட்டுக் கடனில் மீதமிருந்த 19 லட்சத்தை நான் ஏற்றுக்கொள்வது, அதற்கு மேல் கணவருக்கு 22 லட்சம் கொடுப்பது என்று நாங்கள் பேசி முடித்திருந்ததால், பணம் கைமாறுகிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தேன். மூன்றாம் நாள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது ஒரு கிரயப் பத்திரத்தின் வரைவு. கணவர் விற்கிறார், நான் வாங்குகிறேன்; முன்பின் தெரியாத இருவருக்கு இடையே நடக்கும் விற்பனையைப் போலவே எல்லா வாசகங்களும் இருந்தன.

அந்த வரைவில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அதை அப்படியே பதிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் விஷயம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். கணவரின் பாதிப் பங்குக்கு அரசு மதிப்புப்படி 34 லட்சம் என்று கணக்கிட்டால், நான் அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது 3,06,000 ரூபாய். கடைசியில் நான் கட்டியது 44,000 ரூபாய். இடையிலுள்ள 2,62,000 ரூபாய்க்கும் நான் இந்த மாடி அலுவலகத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றால் அது மிகையில்லை.

அந்த வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘இதைப் பதிவு செய்து கொடுங்கள்’ என்று கேட்கத்தான் மாடி ஏறினேன். வழக்கறிஞர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தீர்ப்பு வந்துவிட்டதாம்மா?” என்று மட்டும் கேட்டார். இல்லை, முதல் மனுதான் ஆகியிருக்கிறது, ஆறு மாதம் கழித்துத்தான் இரண்டாவது முறை நீதிமன்றம் போக வேண்டும் என்றேன். “அப்படியானால் இன்றைய தேதியில் அவர் உங்கள் கணவர். கணவர் மனைவிக்கு எழுதிக் கொடுப்பதற்குக் கிரயம் எதற்கு?” என்றார். நான் கொடுத்த 18,000 ரூபாயில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்விக்குத்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன். இணையப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதப்படும் தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டில் சலுகை விகிதம் உண்டு. சந்தை மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம்; இரண்டுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2023 ஜூலை 10ஆம் தேதிக்கு முன்பு தீர்வைக்கு 25,000 ரூபாயும் பதிவுக்கு 4,000 ரூபாயும் உச்சவரம்பாக இருந்தன. அன்று முதல் அவை 40,000 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன. வீட்டின் மதிப்பு கோடியைத் தாண்டினாலும் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. இந்தச் சலுகைக்கான ‘குடும்பம்’ என்ற வரையறையில் கணவன் இருக்கிறார், மனைவி இருக்கிறார். முன்னாள் கணவன் என்றொரு உறவு அதில் இல்லை. தீர்ப்பு வந்த மறுநாள் அதே பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால், எழுதிக் கொடுப்பவரும் எழுதிப் பெறுபவரும் சட்டத்தின் பார்வையில் அந்நியர்கள். விகிதமும் அந்நியர்களுக்கான 7 சதவீதத்துக்குத் தாவிவிடும். பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு இருக்கிறதே என்று பின்னொரு சந்திப்பில் நான் கேட்டேன். அது 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துகளுக்கு மட்டும்தான் என்று பத்திர எழுத்தர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

அடுத்து, தான செட்டில்மென்ட்டா, விடுதலைப் பத்திரமா என்ற கேள்வி. எனக்குத் தெரிந்த இருவர் இதே சூழலில் செட்டில்மென்ட் எழுதியிருக்கிறார்கள். எழுதிப் பழகிய வடிவம் என்பதால் எல்லோரும் அதையே பரிந்துரைப்பார்கள் போலும். ஆனால் அந்தப் பத்திரத்தின் உயிரே ‘தங்கள் மீது எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற வாசகத்தில் இருக்கிறது. பணம் வாங்காமல் கொடுப்பதற்கான வடிவம் அது. நாங்களோ மூன்று ஆண்டுகளாக வெவ்வேறு ஊரில் வாழ்கிறோம், 22 லட்சம் கைமாறுகிறது. வழக்கறிஞர் இதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு பாசத்தின் பேரில் கொடுத்ததாக எழுதினால், பின்னாளில் வரித்துறை கேட்டாலும் நீதிமன்றம் கேட்டாலும் இரண்டு பேருமே விழிக்க வேண்டியிருக்கும் என்றார். இருவரும் ஏற்கெனவே கூட்டு உரிமையாளர்கள் என்பதால், ஒருவர் தன் பிரிபடாத பாகத்தில் உள்ள உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமே நடந்ததை நடந்தபடி சொல்லும் ஆவணம் என்பது அவர் முடிவு. வாங்கிய தொகையையும் அதில் வெளிப்படையாக எழுதலாம். இதில் இன்னொரு சங்கதி: விடுதலை, கூட்டு உரிமையாளருக்குத்தான் எழுத முடியும். வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்து மனைவிக்கு மாறுவதென்றால் இந்த வழி அடைபட்டது; அங்கே செட்டில்மென்ட்டோ கிரயமோதான்.

நீதிமன்றத்தின் வழியாகவே முடித்துக்கொள்ள முடியாதா என்றும் கேட்டேன். முடியும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், நீதிமன்றத் தீர்ப்பாணைகளுக்குக் கட்டாயப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. சமரசத் தீர்ப்பாணையாக இருந்தால், அந்தச் சொத்து வழக்கின் பொருளாகவே இருந்திருக்க வேண்டும். மும்பை அடுக்ககம் ஒன்றை மணவிலக்குச் சமரசத்தின்படி கணவர் மனைவிக்கு விட்டுக்கொடுத்த வழக்கில், எங்கள் பதிவு முடிந்த பிறகு 2025இல் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை ஏற்று, முத்திரைத் தீர்வையின்றி மாற்றிக் கொடுக்க உத்தரவிட்டது. ஆனால் அந்த மனைவி அதற்காக எங்கே வரை போக வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். எங்களைப் போல் இருவரும் ஒத்துப்போகும் நிலையில், 44,000 ரூபாய் கட்டிவிட்டு ஒரே நாளில் முடிவதை விட்டு, விலக்குக்காகப் பதிவு அலுவலகச் சாளரத்தின் முன் சட்டப்பிரிவு பேசிக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது எங்கள் வழக்கறிஞரின் கருத்து. கணவன் மனைவிக்குள் பேச்சே அற்றுப்போன வழக்குகளில் கணக்கு வேறாக இருக்கலாம்.

தீர்ப்புக்கு முன்பே பத்திரத்தை முடிப்பது எனக்குச் சாதகம் என்றால், அது கணவருக்கு அபாயம். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி, இரண்டாவது மனு முடியும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உச்ச நீதிமன்றம் 1991லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டை வாங்கிக்கொண்ட பிறகு நான் மணவிலக்குக்கு ஒப்ப மாட்டேன் என்று சொன்னால் அவர் கதி என்ன? இந்த அலுவலகத்தின் மீது எனக்கு மதிப்பு கூடியது இங்கேதான். கட்டணம் கொடுப்பது நான் என்றாலும், வழக்கறிஞர் தாமாகவே என் கணவரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த வரைவை உங்களுடைய வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள், நான் உங்கள் பக்கத்து ஆள் இல்லை” என்று சொன்னார். கணவரும் காட்டினார். அந்த வழக்கறிஞரின் யோசனைப்படி 22 லட்சம் இரண்டாகப் பிரிந்தது: 17 லட்சத்துக்கான வங்கி வரைவோலை (டி.டி.) பதிவன்று கையில், 5 லட்சத்துக்கான வரைவோலை அவருடைய வழக்கறிஞரின் பொறுப்பில், இரண்டாவது மனு முடிந்ததும் அவரிடம். வரைவோலை மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் ஜூன் 12 தேதியிட்ட ஓலை செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் காலாவதி ஆகும், வாய்தா தள்ளிப்போனால் புதுப்பிக்க வேண்டும் என்று இரு தரப்பும் ஒரு நாட்காட்டியை மேசைமீது விரித்துவைத்து எண்ணிப் பார்த்தார்கள். கூடவே வேறொரு கணக்கையும் போட்டார்கள்: இரண்டாவது மனுவுக்கு நான் வராவிட்டால் அந்த 5 லட்சம் எனக்குத் திரும்பாது, மேற்கொண்டு அவர் என்னிடம் இழப்பீடு கேட்கலாம். எனக்கு அப்படி எண்ணமே இல்லை என்றாலும், இந்த நிபந்தனையை எழுத்தில் பார்த்தபோது கணவரின் முகத்தில் ஓர் இளைப்பாறல் தெரிந்தது.

இனி குறைகள். முதலாவது, வங்கிக் கடன் பற்றி இந்த அலுவலகம் எனக்குப் போதிய எச்சரிக்கை தரவில்லை. வீட்டின் மூலப் பத்திரங்கள் அடமானமாக வங்கியில் இருந்தன. கடன் இருவர் பெயரிலும் இருந்தது. பத்திரத்தில் கணவர் தன் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் கடனிலிருந்தும் அவர் பெயர் தானாக விலகிவிடும் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி விலகாது. சொத்துரிமை வேறு, கடன் பொறுப்பு வேறு. நாங்கள் எங்களுக்குள் எழுதிக்கொள்ளும் எந்த ஒப்பந்தமும் வங்கியைக் கட்டுப்படுத்தாது. நான் தவணை தவறினால், வீட்டில் ஒரு சதுர அடிகூட இல்லாத கணவரின் வாசலில் வங்கி வந்து நிற்கும். கிளையில் விசாரித்தபோது, கூட்டுக் கடனில் ஒருவர் பெயரை நீக்குவது என்ற நடைமுறை இல்லை, என் ஒருத்தியின் சம்பளத்தைக் கொண்டு புதிதாகத் தகுதி பார்த்து, என் பெயரில் தனிக் கடன் அனுமதித்து, பழைய கடனை அதில் அடைக்க வேண்டும் என்றார்கள். சம்பளச் சீட்டு, மூன்று ஆண்டு வரிக் கணக்கு, சட்டக் கருத்துரை, மதிப்பீட்டாளர் வருகை என்று ஏழு வாரம் ஓடியது.

இதற்கிடையில் பத்திர அலுவலகம் ஏப்ரல் கடைசி வாரத்துக்குப் பதிவு டோக்கன் போட்டுவிட்டது. வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாமல் போக முடியாது என்பதால் அந்த டோக்கன் வீணாயிற்று. பெங்களூரிலிருந்து வருவதற்காகக் கணவர் எடுத்திருந்த ரயில் பயணச்சீட்டும் வீணாயிற்று. மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று சொல்லும் தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ செல்லாது என்று அதே ஏப்ரல் மாதம்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதை நாளிதழில் படித்துவிட்டு நான் வாதாடினேன். விதி போனால் என்ன, உங்கள் வங்கியின் அடமானம் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறது, கடன் ஒப்பந்தத்திலும் வங்கியின் சம்மதமின்றி உரிமை மாற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று வழக்கறிஞர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் இந்தச் சரியை பிப்ரவரியில் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். ‘கடன் இருக்கிறதா, யார் பெயரில்?’ என்ற கேள்வி, ‘தீர்ப்பு வந்துவிட்டதா?’ என்ற கேள்விக்கு அடுத்த நொடியில் வந்திருக்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது குறை வரைவில். மொழிநடையைப் பற்றிப் புகார் இல்லை. ‘மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று பழைய பத்திரத் தமிழில் ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். சொத்து விவரத்தில்தான் கோளாறு. எங்கள் வீட்டுக்கான பிரிபடாத மனைப் பாகம், எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது, 412 சதுர அடி. வரைவில் 421 என்று இருந்தது. செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளின் விவரத்தில், வடக்கெல்லையாக இருக்க வேண்டிய சாலை தெற்கே போயிருந்தது. முந்தின இரவு, மூலப் பத்திரத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவுகோலை வரிக்கு வரி நகர்த்திப் படித்ததால் கண்ணில் பட்டது. பதிவான பிறகு தெரிந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கும் இருவரும் நேரில் வர வேண்டும். அதற்குள் தீர்ப்பும் வந்திருந்தால் அந்தப் பயணத்துக்கு அவரைக் கேட்கும் சங்கடம் தனி. தட்டச்சு செய்த பெண் உடனே திருத்திக் கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் வரைவைச் சரிபார்க்க வேண்டிய பத்திர எழுத்தர், “இதெல்லாம் சகஜம்தான் மேடம்” என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணைச் சரியாக எழுதுவதற்குத்தானே அவருக்கு உரிமம்.

பதிவு நாள் ஜூன் 12, வியாழக்கிழமை. டோக்கன் பத்தரை மணிக்கு. உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டே காலுக்கு. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, முகூர்த்த நாளைப் போலக் கூட்டம். அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர் இந்த நேரத்தை வீணாக்கவில்லை. எங்கள் இருவரின் ஆதார், பான் அட்டைகள், வங்கிக் கடிதம், இரண்டு சாட்சிகளின் அடையாள அட்டைகள், தீர்வையும் கட்டணமும் இணையத்தில் கட்டிய ரசீதுகள் என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கி, எது கேட்கப்பட்டாலும் மூன்று நொடியில் எடுத்து நீட்டினார். அதே நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் பான் அட்டையின் நகலுக்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த இளைஞரின் அருமை தெரிந்தது.

உள்ளே ஒரு காட்சி மறக்க முடியாதது. கணினியின் முன் இருந்த ஊழியர் எங்களை வழக்கம்போல அருகருகே உட்காரச் சொல்லி, விவரங்களைச் சரிபார்க்கும்போது, “எழுதிக் கொடுப்பவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார். நான் ஒரு கணம் தயங்கினேன். “கணவர்” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரே பதில் சொன்னார். சலுகை விகிதம் அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளாக எங்கள் இருவரில் ஒருவரும் பயன்படுத்தாத சொல் அது. பிறகு புகைப்படக் கருவியைப் பார்க்கச் சொன்னார்கள், கைரேகை வைக்கச் சொன்னார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு விரல் தோல் காய்ந்துபோயிருந்ததால் ரேகை மூன்று முறை பதியவில்லை. அலுவலக இளைஞர் பையிலிருந்து ஓர் ஈரத் துணியை எடுத்துக் கொடுத்தார். நான்காம் முறை பதிந்தது. சார்பதிவாளர், விருப்பப்பட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா, தொகை வந்து சேர்ந்ததா என்று அவரிடம் நேரடியாகக் கேட்டார். அவர் வரைவோலையை எடுத்துக் காட்டினார். ஒன்றரை மணிக்கு வெளியே வந்தோம். மாலை நான்கரைக்குப் பத்திரம் கைக்கு வந்தது.

கட்டணச் சீட்டு பற்றியும் சொல்ல வேண்டும். பேசியது 18,000 ரூபாய். மாலையில் கொடுத்த சீட்டில் 22,500 என்று இருந்தது. கூடுதல் 4,500 ரூபாய்க்கு எதிரே ‘இதர செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எதற்கான இதரம் என்று கேட்டேன். பத்திர எழுத்தர் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. விவரம் எழுதி ரசீது கொடுத்தால் தருகிறேன் என்றதும், வழக்கறிஞர் சீட்டை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு மறுபேச்சில்லாமல் 18,000 என்று எழுதினார். கேட்டதும் அடித்தது நல்ல விஷயம்தான். கேட்காதவர்கள் எத்தனை பேர் அந்த வரிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பதும் மனத்தில் ஓடாமல் இல்லை.

வருமான வரி பற்றி இந்த அலுவலகம் வாயே திறக்கவில்லை. அது தங்கள் வேலை இல்லை என்று அவர்கள் சொல்லலாம். ஆனாலும் ‘ஆடிட்டரைப் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்ததால் என் கணவருக்கு மூலதன ஆதாயக் கணக்கு வருகிறது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், குறியீட்டுச் சலுகையின்றி (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் சலுகை அது) 12.5 சதவீதமா, சலுகையுடன் 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கொண்டு வரி கணக்கிடலாம் என்பதை அவருடைய ஆடிட்டர் பின்னால் சொல்லித்தான் அறிந்தார். அவருடைய பங்கின் தொகையும் அரசு மதிப்பும் 50 லட்சத்துக்குக் கீழ் என்பதால் 1 சதவீத வரிப் பிடித்தம் செய்யும் வேலை எனக்கு இல்லை. மனைவிக்குப் போதிய ஈடின்றி மாற்றிய சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவரின் வருமானத்தோடு சேர்க்கும் பழைய விதியிலும், பிரிந்து வாழும் உடன்படிக்கையின் பேரில் நடந்த மாற்றத்துக்கு விலக்கு இருக்கிறது. நாளைக்கு நான் இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அவருக்குக் கவலை இல்லை.

பதிவுக்குப் பிந்தைய உதவி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று சொல்லி, தட்டச்சுப் பெண்களில் ஒருவர் என் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டி, பெயரின் முதலெழுத்து உட்படச் சரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்க்கச் சொன்னார். சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தையும் அவர்களே நிரப்பித் தந்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கான கடிதம் மட்டும் நானே எழுதிக்கொண்டேன். புதிய கடனுக்கான அடமானப் பதிவுக்கு வங்கியின் ஆளோடு இன்னொரு முறை சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டியிருந்தது. அது இந்த அலுவலகத்தின் கணக்கில் வராது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இருவரும் பேசிக்கொள்ளும் நிலையில், வீடு கூட்டுப் பெயரில் இருந்து, தீர்ப்பு இன்னும் வராதிருந்தால் இப்படிப்பட்ட ஒரு சிறிய அலுவலகமே போதும். பெரிய நிறுவனத்தைத் தேட வேண்டியதில்லை. போவதற்கு முன் வங்கிக் கிளையில் தனிக் கடனுக்கான அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், டோக்கன் தேதியை அதன் பிறகு குறியுங்கள். வரைவை நீங்களே மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள், முக்கியமாக எண்களையும் நான்கு எல்லைகளையும். கட்டணத்தை முதல் நாளே சீட்டில் எழுதி வாங்குங்கள். கணவரோ மனைவியோ வெளிநாட்டில் இருந்து அதிகாரப் பத்திரத்தின் மூலம் பதிவு செய்வதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதால், அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மனு ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடிந்தது. 5 லட்சத்துக்கான வரைவோலையை அன்று மாலையே கணவரின் வழக்கறிஞர் அவரிடம் கொடுத்துவிட்டார். மின் இணைப்பு மட்டும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டணக் குறுஞ்செய்தி அவருடைய கைப்பேசிக்குப் போகிறது. அவர் எனக்கு அனுப்பிவைக்கிறார். நான் கட்டிவிட்டு ரசீதைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த விண்ணப்பத்தையும் நிரப்பித் தருவதாகத் தட்டச்சுப் பெண் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் போக வேண்டும்.